ஓட்டாண்டின்னா ஓடு ஏந்துன ஆண்டி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கெழம உங்க பேப்பர்ல ஒரு வாசகர், ஓட்டாண்டின்னா ஓட்டைக் கையால காசையெல்லாம் ஒழுகவிட்டவன்னு எழுதியிருந்தாரு, படிச்சதுலருந்து மனசு கேக்கல. அது ஓடும் ஆண்டியும் சேந்த வார்த்தைங்க. காடு காட்டுப்பாதை ஆகுதுல்ல, அந்த மாதிரி ஓடுங்கறது ஓட்டுன்னு ஆகி ஆண்டியோட சேருது, ஓட்டு வீடுங்கறதும் இதே கணக்குதான். கடல்தேங்காயோ திருவோட்டு மரத்துக் காயோ குடைஞ்சு காயவச்சு பிச்சை வாங்குற அந்த ஒத்த ஓடு, அத விட்டா வேற சொத்து இல்லாதவன் ஓட்டாண்டி.

எங்களுக்கு கொடைக்கானல் பக்கம் பூம்பாறை, பூண்டு வெள்ளாமை, 2019ல புவிசார் குறியீடு வாங்குச்சே அதே மலைப்பூண்டு. நான் எட்டாவது படிக்கும்போது ஒரு போகம் பூரா மழைல அழுகிப்போச்சு, தேறுனத பிடி பிடியா கட்டி அடுப்புக்கு மேல புகைல தொங்கவிட்டு காயவச்சு அப்பா வடுகபட்டி சந்தைக்கு கொண்டுபோனாரு, வித்த காசு விதைப்பூண்டு கடனுக்கே பத்தல. டீக்கடைல ஒருத்தரு "குடும்பமே ஓட்டாண்டி ஆயிருச்சு"ன்னு சொன்னது என் காதுலயே விழுந்துச்சு. வீட்டுக்கு வந்து அழுதேன். "ஏம்மா அழுவுற, பழனில நிக்கிறவரும் ஆண்டிதானே"ன்னாரு அப்பா.

அன்னிக்கு அது ஆறுதலா இருந்துச்சு. ஆனா பழனி முருகன் எல்லாத்தையும் வேணாம்னு விட்டுட்டு கோவணத்தோட மலையேறுனவருங்க. பட்டினத்தாரும் அப்படித்தான், கையில ஓடும் கூட ஒரு நாயும் வச்சிருந்த தன்னோட சீடர் பத்திரகிரியாரையே சம்சாரின்னு சொன்னாருன்னு கதை இருக்கு. எங்கப்பா எதையும் விடல, அவருகிட்டருந்து போச்சு. துறந்தவங்க பேர எடுத்து பறிகொடுத்தவங்க தலைல வச்சு, அதையும் ஏளனமா சொல்றாங்களேன்னுதான் எனக்கு இன்னிக்கும் வலிக்குது.

எங்கம்மா ஓட்டாண்டின்னு யாரையும் சொன்னதே இல்ல, நொடிச்சுப் போச்சுன்னுதான் சொல்லும். கால் பிசகுனவன் நொடிச்சு நொடிச்சு நடக்குறான்னு சொல்றோம்ல, அந்த நொடிக்கிறதுதான் இது. நொடிச்சவன் திரும்ப நேரா நடப்பான், எங்கப்பாவும் மூணு போகத்துல நிமிந்துட்டாரு.

பூண்டு வெல விழும்போதெல்லாம் விவசாயிகள் ஓட்டாண்டின்னு தலைப்பு போடுறீங்க. நொடிச்சுப் போனாங்கன்னு போடுங்கய்யா, எங்க ஊருக்கும் காலைல மொத பஸ்ல பேப்பர் வருது, புள்ளைங்க படிக்குதுங்க.

இப்படிக்கு,
பூம்பாறை வாசகி