தாழ்தள மாடி பஸ்: சிக்கல் பின்பக்கத்தில்

ஆசிரியருக்கு,

லண்டனின் தாழ்தள ஈரடுக்குப் பேருந்துகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, வாசற்படியை எடுத்ததுதான் பெரிய மாற்றம் என்கிறது. முன்வாசலைத் தாழ்த்துவது எளிது. வடிவமைப்பாளர்களைத் திணறடித்தது பின்சக்கரமும் அதற்குப் பின்னால் இருப்பதும்தான்.

ஏறத்தாழ 4.4 மீட்டர் உயரத்துக்குள் இரண்டு தளங்கள் அடங்க வேண்டும். கீழ்த்தளத்தின் நடைபாதையை மறித்துப் பின் அச்சு குறுக்கே கிடக்கிறது. அதனால் எஞ்சினின் சுழற்சியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலை ஒரு பக்கம் ஒதுக்கி, அச்சின் நடுப்பகுதியைக் கீழே இறக்கி, சக்கரத்தருகே பல்சக்கரம் வைத்து அந்தச் சுழற்சியைச் சக்கரத்தின் மையத்துக்கு மேலேற்றுகிறார்கள். உத்தி பழையது. 1960-இல் வந்த டெய்ம்லர் ஃப்ளீட்லைன் பேருந்திலேயே இது உண்டு. தாழ்வான பாலங்களுக்கு அடியில் நுழைய அன்று அது தேவைப்பட்டது.

அடுத்தது எஞ்சின். 1997-இல் அறிமுகமான டென்னிஸ் ட்ரைடென்டில் எஞ்சின் வண்டியின் கடைசியில் குறுக்காக இருந்தது. வால்வோ முதலில் முன்வைத்த பி7எல் மாதிரியில் அது ஒரு மூலையில் நீளவாக்கில் நின்றது. அதனால் பின்பக்கம் நீண்டு, கீழ்த்தள இருக்கைகளுக்கான இடம் போயிற்று. பேருந்து இயக்கும் பிரிட்டிஷ் நிறுவனங்கள் அதை ஈரடுக்குக்கு ஏற்கவில்லை. எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி பி7டிஎல்லைக் கொண்டுவந்த பிறகே வால்வோவுக்கு லண்டனில் விற்பனை சூடுபிடித்தது. குறுக்கு எஞ்சினுக்கும் விலை உண்டு: எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் இடுக்கில் அடைபட்டிருப்பதால், அதில் தூசி படிந்தால் வண்டி சீக்கிரம் சூடேறும். ரேடியேட்டரின் மெல்லிய உலோகத் தகடுகளைத் தவறாமல் கழுவ வேண்டும்.

பிரிட்டனில் 2000 டிசம்பர் 31 முதல் புதிய வண்டிகளுக்கும், 2017 தொடக்கத்திலிருந்து எல்லா ஈரடுக்கு வண்டிகளுக்கும் சக்கர நாற்காலி விதி கட்டாயமானது. நாற்காலிக்கு 1300 மி.மீ. நீளமும் 750 மி.மீ. அகலமும் உள்ள இடம் விட வேண்டும். அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதுதான் பாடு. லண்டனில் பெரும்பாலும் நடுவாசலில் இருக்கும் மின்சாரச் சாய்தளம் நீண்டு வரும் தடத்தில் மணலும் சேறும் புகுந்தால் பாதியில் நின்றுவிடும். வண்டியைத் தாங்கும் காற்றுப் பைகளில் (ஏர் சஸ்பென்ஷன்) கசிவு இருந்தால், பயணிகள் ஏறுவதற்காக நிறுத்தத்தில் தாழ்ந்த வண்டி மறுபடி எழத் தாமதமாகும். நிறுத்தத்தில் யாரோ கார் நிறுத்தியிருந்தால், நடைமேடையில் படிய வேண்டிய சாய்தளம் சாலையில் இறங்கும். அந்தச் செங்குத்தில் நாற்காலியை ஏற்ற முடியாது. வண்டிக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்காவது 125 மி.மீ. உயர நடைமேடை விளிம்புக்கும் நிறுத்தத்தை மறிக்காமல் காப்பதற்கும் போகத்தான் வேண்டும்.

கட்டுரையில் விடுபட்ட இன்னொன்று: 1998-இல் பிரிட்டனில் முதன்முதலாக ஓடிய தாழ்தள ஈரடுக்கு, ஆப்டேர் நிறுவனத்தின் ஸ்பெக்ட்ரா. அந்த ஆப்டேரைப் பின்னர் வாங்கியது சென்னையின் அசோக் லேலண்ட். மும்பையில் 2022-இல் மின்சார ஈரடுக்கை அறிமுகப்படுத்திய ஸ்விட்ச் நிறுவனமும் அசோக் லேலண்ட் குழுமத்தைச் சேர்ந்ததுதான்; ஆப்டேரும் ஸ்விட்ச் என்று பெயர் மாறியது.

புதிய மாதிரி எதைப் பற்றி எழுதினாலும், முகப்புப் படத்தோடு கீழ்த்தள இருக்கை வரைபடத்தையும் அச்சிடுங்கள். பின் அச்சைத் தாண்டி எத்தனை இருக்கைகளுக்குப் படியேறாமல் போகலாம் என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
பேருந்துத் தொழில்நுட்ப வாசகர்