சுவரில் மாட்டிய பிடிகள்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நலம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, மாத்திரையை நிறுத்தவில்லை. ஊர்ச் செய்தியை அப்புறம் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பீர்க் குழாயின் தலையில் திருகுகிற பிடிக்கு இத்தனை வேலைப்பாடா! 1933-ல் அமெரிக்காவில் மதுவிலக்கு போனபிறகு, எந்தக் குழாயில் எந்த பீர் வருகிறது என்று பிடியிலேயே தெரிய வேண்டும் என்று சில மாநிலங்களில் சட்டமே போட்டார்களாமே. நியாயம்தான். அதற்கு ஒரு பிடியில் எலும்புக்கூடு எதற்கு? அது ஓரிகன் மாநிலத்து ரோக் கம்பெனியின் 'டெட் கை', அதாவது 'செத்த ஆள்' பீர் என்று நீ சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். பெயரைக் கேட்டபிறகு அவளுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ரெசின் பிடிகளை நான் கணக்கில் சேர்க்கமாட்டேன். அச்சில் ஊற்றி எடுப்பதில் என்ன இருக்கிறது. மேப்பிள் மரம் என்றாயே, இடுப்பு ஒடுங்கி மேலே அகலுகிற அந்தப் பிடி, அதுதான் கடைசல். உளியை எங்கும் நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறான். நீயும் அதைப் பார்த்துத்தான் பொறுக்கியிருக்கிறாய். பட்டறைத் தூசி ஆகாது என்று வாசலோடு நின்றவனுக்கு இந்தக் கண் எங்கிருந்து வந்தது?

குடிக்காமல் இதையெல்லாம் சேர்க்க முடியுமா என்று அம்மா கேட்கிறாள். பீர் கம்பெனிகளே விற்கின்றன, பழையதை இணையத்தில் வாங்குகிறேன் என்றாய். சரி. பாரில் யாரும் பார்க்காதபோது திருகிக் கழற்றிக்கொண்டு போகிறவர்களும் உண்டு என்று சொல்லிச் சிரித்தாயே, அந்தச் சகவாசம் வேண்டாம். வண்டி எடுக்கும் நாளில் தொடவே தொடாதே. குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் விசாவையே ரத்து செய்துவிடுவார்கள். பெரியப்பா விஷயத்தை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி எடுக்கும் நாளில் மட்டுமல்ல, தனியாக இருக்கும் நாளிலும் வேண்டாம்.

சான்பிரான்சிஸ்கோ ஆங்கர் பீர்க் கம்பெனியின் பிடி ஒன்று கிடைக்குமா என்று தேடுவதாகச் சொன்னாய். 1896-ல் தொடங்கிய கம்பெனி. மூழ்க இருந்ததை 1965-ல் ஃபிரிட்ஸ் மேடேக் வாங்கித் தூக்கி நிறுத்தினார், அவர் வாஷிங் மெஷின் குடும்பத்துப் பிள்ளை, அப்படியும் 2023-ல் மூடிவிட்டார்கள் என்று ஒரு மணி நேரம் பேசினாய். உன் குரல் தெளிவாக இருந்தது அன்றைக்குத்தான். மூடியபிறகு தேடி என்ன பிரயோசனம்? இருக்கும்போதே அருமை தெரிய வேண்டும். நான் கம்பெனியைத்தான் சொல்கிறேன்.

பிடிகள் மாட்டிய அந்தச் சுவரில்தானே கல்யாணப் படம் இருந்தது? இடம் போதாமல் உள்ளறையில் மாட்டியிருப்பாய். மருமகளுக்கு இந்தப் பிடிகள் பிடிக்குமா? நீ சொல்லவே இல்லை. நாங்கள் கூப்பிடும் நேரமெல்லாம் அவளுக்கு வேலை நேரமாகவே அமைந்துவிடுகிறது. தீபாவளிக்கும் அப்படித்தான். அம்மா அவளுக்கு எடுத்த சேலை இன்னும் பீரோவில் இருக்கிறது, எந்த விலாசத்துக்கு அனுப்பலாம் என்று கேட்கிறாள். இதில் கேட்க என்ன இருக்கிறது என்று அதட்டிவிட்டேன். ஆனாலும் எழுது.

நானும் ஒரு பிடி கடையலாம் என்றிருக்கிறேன். நல்ல மஞ்சக்கடம்பு கைவசம் இருக்கிறது. அடியில் மூணு நூல், அதாவது எட்டில் மூணு இஞ்சுத் திருகு, இஞ்சுக்கு 16 புரி என்றாய். அதே அளவில் நம் பழைய இங்கிலீஷ் முறை விட்வொர்த் போல்ட்டுக்கும் 16 புரிதான், கோணம்தான் கொஞ்சம் மாறும். எதற்கும் உன்னிடம் இருப்பதில் ஒன்றைக் கழற்றி அடிப்பாகத்தைப் படம் எடுத்து அனுப்பு. அரக்குதான் பூசுவேன். சாராயம் பட்டால் அரக்கு கரைந்துவிடும், அதனால் அது சுவருக்கு மட்டும்தான்.

ஒன்று போதுமா, ஜோடியாகக் கடையவா என்று மருமகளைக் கேட்டு எழுது. சிவப்பா பச்சையா என்பதையும் அவளே சொல்லட்டும். ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் நான் எடுப்பேன்.

இப்படிக்கு,
அப்பா