பேத்தியின் வேர்க்கடலை ஒவ்வாமை குறித்து நண்பனுக்கு

அன்புள்ள சுந்தரத்துக்கு,

இங்கு நலம். உன் நலமும் வீட்டில் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். உன் கடிதத்தில், பேத்தி இப்போது நன்றாக இருக்கிறாள் என்ற வரியைக் கண்ட பிறகுதான் மற்றவற்றை நிதானமாகப் படிக்க முடிந்தது. வேர்க்கடலை சேர்த்த பிஸ்கட்டில் ஒரு துண்டு வாயில் போன சில நிமிடங்களுக்குள் உதடு வீங்கி, உடம்பெங்கும் தடிப்பு எழும்பி, மூச்சு இரைக்கத் தொடங்கியது என்று எழுதியிருந்தாய். அதைக் கண்ணெதிரே பார்த்த உன் மகளை நினைத்தால் எனக்கு மனம் தாங்கவில்லை. குழந்தையின் எதிர்ப்புச் சக்தி அவ்வளவு குறைவா, இத்தனை சத்தான பொருள் எப்படி நஞ்சாகும், அதுவரை தின்றே அறியாத பொருளுக்கு முதல் கடியிலேயே இப்படி நேருமா என்று கேட்டிருக்கிறாய். உடலியங்கியல் வகுப்பில் ஆண்டுதோறும் நான் நடத்திய பாடம்தான் இது. ஆனாலும் உன் பேத்திக்காக எழுதும்போது ஒவ்வொரு வரியையும் எடைபோட்டு எழுதத் தோன்றுகிறது.

எதிர்ப்புச் சக்தி குறைவு என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடு. அவளுடைய நோய் எதிர்ப்பு மண்டலம் முழு வலுவோடுதான் இருக்கிறது. அந்த வலுவைத் தவறான இலக்கின் மேல் செலுத்துகிறது. குடற்புழு முதலிய ஒட்டுண்ணிகளை விரட்டுவதற்கென்று நம் உடலில் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் உண்டு. எதிர்ப்பொருள் என்பது அந்நியப் பொருளை இனங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதம். வேர்க்கடலையின் புரதத்தைப் பகையென்று ஒருமுறை பதிந்துகொண்ட உடல், அந்த ஆயுதத்தையே அதன் மேல் திருப்பிவிடுகிறது.

வேர்க்கடலையில் ஒவ்வாமை தூண்டும் புரதங்கள் 15-க்கும் மேல் இனங்காணப்பட்டிருக்கின்றன. அவற்றுள் கடுமையான விளைவுகளோடு மிக நெருங்கிய தொடர்புடையவை அரா எச் 2, அரா எச் 6 என்ற இரண்டும். விதை முளைக்கும்போது பயன்படுவதற்காகச் செடி சேமித்து வைக்கும் புரதங்கள் இவை. கந்தகப் பிணைப்புகளால் இறுக மடிந்திருப்பதால் இரைப்பை அமிலத்துக்கும் புரதத்தைச் செரிக்கும் பெப்சின் நொதிக்கும் எளிதில் உடைவதில்லை. மற்றப் புரதங்கள் சிதைந்து அடையாளம் இழக்கும் இடத்தில் இவை தம் வடிவம் கெடாமல் குடலின் உட்சுவரை அடைந்துவிடுகின்றன. வறுத்தாலும் இவற்றின் வீரியம் அடங்குவதில்லை. ஆகவே நன்றாக வறுத்தது, ஒன்றும் செய்யாது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதே.

முதல் கடியிலேயே எப்படி என்ற உன் கேள்விதான் இதில் மிக முக்கியமானது. ஐஜிஇ வழியாக வரும் ஒவ்வாமைக்கு எப்போதும் இரண்டு கட்டங்கள் உண்டு. முதற்கட்டத்தில் வெளியே எதுவும் தெரியாது. உடலுக்குள் வருவதை வேவு பார்க்கும் டெண்ட்ரைட்டிக் செல்கள் அந்தப் புரதத்தை விழுங்கி, துண்டுகளாக்கி, அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்கு எடுத்துச் சென்று, எதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளணுக்களான டி செல்களுக்குக் காட்டுகின்றன. வழக்கமாக உணவுப் புரதத்தைக் காணும் டி செல்கள் பொறுத்துப்போகும் பாங்கைக் கற்றுக்கொள்ளும். ஒவ்வாமை உருவாகும் உடலிலோ அவற்றுள் சில இரண்டாம் வகை உதவி டி செல்களாக மாறி, இன்டர்லூக்கின் 4, இன்டர்லூக்கின் 13 ஆகிய செய்திப் பொருள்களைச் சுரக்கின்றன. அச்செய்தி கிடைத்த, எதிர்ப்பொருள் தயாரிக்கும் வெள்ளணுக்களான பி செல்கள் ஐஜிஇ தயாரிக்கத் தொடங்குகின்றன. இந்தக் கட்டத்துக்கு வேர்க்கடலையைத் தின்றிருக்க வேண்டும் என்பதில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்குக் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் என்ற தோல் அழற்சி இருந்ததாக முன்பொரு முறை எழுதியிருந்தாய். வெடித்த தோலின் வழியே, வீட்டுத் தூசியிலும் பெரியவர்களின் கைகளிலும் ஒட்டியிருக்கும் வேர்க்கடலைப் புரதம் நுழைந்திருக்கலாம். வாய் வழியே வரும் உணவைப் பொறுத்துக்கொள்ளக் குடல் கற்றுக்கொடுக்கிறது. அழற்சி கண்ட தோல் வழியே வருவதை உடல் ஊடுருவலாகவே எடுத்துக்கொள்கிறது. லண்டனைச் சேர்ந்த குழந்தை ஒவ்வாமை மருத்துவர் கிடியன் லாக் முன்வைத்த இந்தக் கருத்துக்கு இன்று வலுவான சான்றுகள் இருக்கின்றன.

ஐஜிஇ இரத்தத்தில் மிக மிகச் சிறிய அளவிலேயே இருக்கும். ஒவ்வாமைக்குக் காரணமான ஏதோ ஒன்று இரத்தத்தில் இருக்கிறது என்று பிராஸ்னிட்ஸ், கூஸ்ட்னர் என்ற மருத்துவர்கள் இருவரும் 1921-இலேயே காட்டியும், அது இன்னதென்று ஆய்வாளர்களான இஷிசாக்கா தம்பதியர் கண்டறிய 1966 வரை ஆனதற்கு இந்தச் சொற்ப அளவும் ஒரு காரணம். இரத்தத்தில் இரண்டு மூன்று நாளில் பாதியாகக் குறைந்துவிடும் இது, திசுக்களில் காவல் நிற்கும் மாஸ்ட் செல் என்ற எதிர்ப்புச் செல்லின் மேல், அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியில் அமர்ந்துவிட்டால் வாரக்கணக்கில் அங்கேயே நிற்கும். டொலுயிடின் நீலச் சாயம் ஏற்றிய திசுவை நுண்ணோக்கியில் வைத்தால் சுற்றியுள்ளவை வெளிர்நீலமாகத் தெரிய, மாஸ்ட் செல்கள் மட்டும் இரத்த நாளங்களின் ஓரத்தில் செவ்வூதாப் புள்ளிகளால் நிறைந்து, உட்கருவே மறையும் அளவுக்குப் பிதுங்கிக்கொண்டிருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்காத காட்சி அது. அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஹிஸ்டமின், டிரிப்டேஸ், ஹெப்பாரின் என்ற வீரியமான வேதிப்பொருள்கள் நிரம்பிய பொதி. தோல், மூச்சுக்குழல், குடல் என்று வெளியுலகம் உடலைத் தொடும் இடங்களிலெல்லாம் இவை காத்திருக்கின்றன.

இந்த நிலையில்தான் பிஸ்கட் துண்டு உள்ளே போயிருக்கிறது. இதுதான் இரண்டாம் கட்டம். ஒரே புரத மூலக்கூற்றில் பல பிடிப்பிடங்கள் இருப்பதால், மாஸ்ட் செல்லின் மேல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு ஐஜிஇ-களை அது ஒருசேர இணைத்துவிடுகிறது. அந்த இணைப்புதான் ஆணை. பொதிகள் நொடிகளில் வெடித்து வெளியே கொட்டுகின்றன. ஹிஸ்டமின் நரம்பு முனைகளைத் தூண்டி அரிப்பையும், நாளங்களை விரித்துக் கசியவைத்துத் தடிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்குகிறது. சற்றுப் பின்னால் அதே செல்களில் புதிதாக உருவாகும் லூக்கோட்ரையீன்கள் என்ற வேதிப்பொருள்கள் மூச்சுக்குழல் தசையை இறுக்குகின்றன. உடல் முழுவதும் ஒரே நேரத்தில் இது நடப்பதே அனபிலாக்சிஸ். கடுமையான நிலையில் நாளங்களிலுள்ள நீர்மத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைகூடப் பத்து நிமிடங்களில் திசுக்களுக்குள் கசிந்துவிடக்கூடும். அதனால்தான் அப்படிப்பட்டவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும் என்றும், திடீரென எழுந்து நிற்கவோ நடக்கவோ விடக்கூடாது என்றும் சொல்கிறார்கள். மூச்சுவிடச் சிரமப்பட்டால் காலை நீட்டியபடி உட்காரவைக்கலாம்.

வீட்டில் ஒவ்வாமை மாத்திரை இருந்தது, அதைக் கொடுத்தோம் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பதற்றத்தில் யாரும் செய்யக்கூடியதுதான். இருந்தாலும் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: அந்த மாத்திரை, கொட்டிய பொருள்கள் பலவற்றுள் ஹிஸ்டமின் ஒன்றைத்தான் தடுக்கும், அதுவும் மெதுவாக. மூச்சுத் திணறலுக்கும் இரத்த அழுத்தச் சரிவுக்கும் முதல் மருந்து அட்ரினலின் மட்டுமே. விரிந்த நாளங்களைச் சுருக்குவது, மூச்சுக்குழலைத் தளர்த்துவது, மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டாமல் அடக்குவது ஆகிய மூன்றையும் அது ஒன்றே செய்கிறது. தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதியில் தசைக்குள் செலுத்த வேண்டும். தானியங்கி ஊசியானால் துணியின் மேலேயே வைத்து அழுத்தலாம். ஐந்து நிமிடங்களில் தெளிவு தெரியாவிட்டால் இரண்டாவது ஊசி தேவைப்படும் என்பதால் எப்போதும் இரண்டு கைவசம் இருக்கட்டும். ஊசிக்குப் பின் குழந்தை சிரித்து விளையாடினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் மீண்டும் கிளம்புவதுண்டு.

உன் மகள், நான் சீக்கிரமே கொடுத்துப் பழக்கியிருக்க வேண்டுமோ என்று அழுவதாக எழுதியிருந்தது என்னை மிகவும் வருத்தியது. ஒவ்வாமைக்கு வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை வேர்க்கடலையே கூடாது என்று 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பே பரிந்துரைத்தது, 2008-இல் விலக்கிக்கொண்டது. லாக் குழுவினர் 640 கைக்குழந்தைகளை வேர்க்கடலை உண்பவர்கள், தவிர்ப்பவர்கள் என இரு பிரிவாக்கி ஐந்து வயது வரை கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வுதான் எல்லாவற்றையும் மாற்றியது. தொடக்கத் தோல் சோதனையில் எதிர்வினை காட்டாத குழந்தைகளுள், வேர்க்கடலையைத் தவிர்த்தவர்களில் 13.7 சதவீதத்தினருக்கு ஒவ்வாமை வந்தது. தொடர்ந்து உண்டவர்களில் 1.9 சதவீதத்தினருக்கு மட்டுமே. மருத்துவ உலகமே இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டு தெரிந்துகொண்டதற்கு ஒரு தாய் தன்னை நொந்துகொள்வது நியாயமே இல்லை. இந்த இடத்தை அவளுக்குப் படித்துக் காட்டு.

ஆனால் அந்த ஆய்வைக் கேள்விப்பட்டு, இனிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கலாமே என்று வீட்டில் யாரும் முயன்றுவிடக் கூடாது. அது ஒவ்வாமை வருமுன் தடுக்கும் வழி. வந்த பின், மிகச் சிறிய அளவிலிருந்து ஏற்றிக்கொண்டு போகும் சிகிச்சை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே நடக்க வேண்டியது. அதில் ஐஜிஜி4 என்ற வேறொரு எதிர்ப்பொருள் பெருகி, புரதம் ஐஜிஇ-யிடம் சேருமுன் மறித்துக்கொள்கிறது. தவறுதலாக ஒரு துணுக்கு வாயில் போனால் ஆபத்தில்லை என்ற அளவுக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. ஒவ்வாமை வேரோடு போவதில்லை. சுற்றித் திரியும் ஐஜிஇ-யையே பிடித்துக்கொள்ளும் ஒமாலிசுமாப் ஊசிக்கும் 2024-இல் அமெரிக்காவில் உணவு ஒவ்வாமைக்காக அனுமதி கிடைத்திருக்கிறது. ஐந்தில் ஒரு குழந்தைக்கு வளர வளரத் தானாகவே மறைந்துவிடுவதும் உண்டு.

தோல் சோதனையில் தடிப்பு எட்டு மில்லிமீட்டர் வந்ததென்று பயந்திருக்கிறாய். தடிப்பு பெரிதாக இருந்தால் ஒவ்வாமை இருக்கும் வாய்ப்பு மிக அதிகம் என்றுதான் பொருள். அடுத்த முறை எவ்வளவு கடுமையாக வரும் என்பதை அது சொல்லாது. இரத்தப் பரிசோதனை அறிக்கையில் அரா எச் 2-க்கு எதிரான ஐஜிஇ தனியாக அளக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, ஒரு நகல் எனக்கு அனுப்பு. ஊசி பயன்படுத்தும் முறையைப் பயிற்சிக் கருவியில் நீயும் ஒருமுறை செய்து பழகிக்கொள். பள்ளிக்கும் எழுத்தில் தெரிவித்து ஓர் ஊசியை அங்கே வைக்கச் சொல். பேத்திக்கு என் ஆசிகள்.

என்றும் அன்புடன்,
வேணுகோபால்