ஒன்பது கேள்வியில் நோய் உறுதியாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் எங்கள் ராமநாதபுரம் கடற்கரையைப் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: "ஒரே நாளில் நடத்திய ஆய்வில், மீனவர்களில் பெரும்பாலோருக்கு மனச்சோர்வு நோய் இருப்பது உறுதியானது." படகு பறிபோவதும், சிறையில் கிடப்பதும், வட்டிக் கடனும் மனிதரை உள்ளுக்குள் அரிக்கும் என்று அதே கட்டுரையில் எழுதியிருப்பது உண்மை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால், உளவியல் ஆய்வையே தொழிலாகக் கொண்ட ஒருவர் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியாது.

அந்த ஆய்வில் பயன்படுத்தியது, மனச்சோர்வு அறிகுறிகளைக் கேட்டறியும் பி.எச்.க்யூ-9 (PHQ-9) என்ற படிவம் என்று கட்டுரையே சொல்கிறது. நல்ல படிவம்தான். காசு கட்ட வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் இந்தத் தொல்லை எத்தனை நாள் இருந்தது என்று கேட்டு, இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் என்றால் 1, பாதி நாளுக்கு மேல் என்றால் 2, அநேகமாகத் தினமும் என்றால் 3 போடுவோம். மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால், இவரை மருத்துவர் உட்கார வைத்துப் பேசிப் பார்க்க வேண்டும் என்று பொருள். நோய் உறுதி என்று அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது.

கணக்காகவே சொல்கிறேன். 2001-ல் இந்தப் படிவத்தை உருவாக்கிய குரோன்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் மூவரும் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு வந்தவர்களிடம் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். 10-ஐ எல்லையாக வைத்தால், நோய் உள்ள 100 பேரில் 88 பேரைப் படிவம் பிடித்துவிடும். நோய் இல்லாத 100 பேரில் 88 பேரைச் சரியாக விட்டுவிடும். ஆயிரம் பேர் இருக்கும் ஊரில் 50 பேருக்கு உண்மையிலேயே நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிவம் அவர்களில் 44 பேரைப் பிடிக்கும். மீதி 950 பேரில் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் 114 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ஆக, பத்தைத் தாண்டியவர்கள் 158; அவர்களில் நோய் உள்ளவர்கள் 44. மிச்சம் 114 பேரையும் நோயாளிகள் என்று அச்சடிப்பது எந்த விதத்தில் நியாயம்?

இது ஆஸ்பத்திரி வாசலில் எடுத்த கணக்கு. கடற்கரையில் நிலைமை இன்னும் மோசம். ஒன்பதில் தூக்கம், களைப்பு, பசி, கவனம் என்று உடம்போடு ஒட்டிய கேள்விகள் பல. ராமேசுவரத்தில் மீன்வளத் துறையிடம் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு காலையில் கிளம்பும் விசைப்படகு மறுநாள் காலையில்தான் கரை சேரும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. இரவெல்லாம் வலையோடு நின்றவரிடம் தூக்கம் எப்படி என்றால் 3 விழும். களைப்புக்கு 3. நேரம் தவறிச் சாப்பிடுவதால் பசிக்கு 2. செய்தித்தாள் படிக்கும்போதோ டி.வி. பார்க்கும்போதோ கவனம் நிற்கிறதா என்ற கேள்விக்கு, கண் சொக்கிப்போயிருப்பவர் 2 சொல்வார். கூட்டினால் பத்து வந்துவிட்டது! இத்தனைக்கும் முதல் இரண்டு கேள்விக்கும், அதாவது எதிலும் நாட்டம் இல்லையா, மனம் சோர்ந்து கிடக்கிறதா என்பதற்கு, அவர் 'இல்லவே இல்லை' என்றுதான் சொல்லியிருப்பார். அந்த இரண்டில் ஒன்றாவது பாதி நாளுக்கு மேல் இருந்தால்தான் மனச்சோர்வு நோய் என்ற பேச்சே எழும். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் இது தெரியாது. ஒவ்வொரு கேள்வியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து, எந்த நாளில் எடுத்தார்கள்? கட்டுரையில் இல்லை. திங்கள், புதன், சனிக்கிழமைகளில் விசைப்படகுகள் கடலில் இருக்கும். அன்று கரையில் அகப்படுகிறவர்கள் முடியாதவர்கள், வயதானவர்கள், படகு பிடிபட்டு வேலை இழந்தவர்கள். அவர்களிடம் மட்டும் கேட்டால் எண் ஏறத்தான் செய்யும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் எடுத்தால், அது வருமானம் நின்ற வீட்டின் மனநிலை. வருடம் முழுவதற்கும் அதுவே என்று சொல்ல முடியாது. முறையாகச் செய்வதென்றால் வாக்காளர் பட்டியலை வைத்து, இத்தனைக்கு ஒரு பெயர் என்று எடுத்து, ஆள் இல்லாத வீட்டுக்குக் கரைக்கு வரும் நாளில் மறுபடி போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்து எண்ணிக்கையை நிரப்பக் கூடாது. ராமேசுவரத்தில் எடுத்ததைத் தொண்டிக்கும் மூக்கையூருக்கும் நீட்டவும் கூடாது. கடல் வேறு, படகு வேறு, பாடு வேறு. பெண்களைக் கேட்டார்களா என்பதும் தெரியவில்லை. பாம்பன் பக்கம் தீவுகளுக்குப் பாசி எடுக்கப் போகும் பெண்களை மீனவர் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. பாறையில் கால் கிழிந்து, வனத்துறைக்குப் பயந்து பிழைக்கிற அவர்கள் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்க ஒரு பத்திரிகைக்கும் தோன்றவில்லையே என்பது என் நெடுநாள் வருத்தம்.

ஒரே நாளில் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எழுத்தறியாதவருக்கு ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டி, ஆய்வுக் குழுவில் இல்லாத ஒருவரைச் சாட்சியாக வைத்துக் கைரேகை வாங்கி, ஒரு பிரதியை அவர் கையில் கொடுக்கவே பத்து நிமிடம் பிடிக்கும். பிறகு ஒன்பது கேள்வியையும் நிதானமாக வாசிக்க வேண்டும். ஒருவரால் நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு படிவம் ஒழுங்காக எடுக்க முடியும். அதற்கு மேல் போனால், கேட்பவரே கட்டத்தை நிரப்பத் தொடங்கிவிடுவார். இடமும் முக்கியம். உங்கள் புகைப்படத்தில் ஏலக்கூடத்தில் பத்துப் பேர் சூழ்ந்து நிற்க, சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒருவரிடம் கேள்வி கேட்கிறார்கள். அங்கே 'செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா' என்றால் யார் வாயைத் திறப்பார்? நிவாரணத்துக்கான கணக்கெடுப்பு என்று பேச்சு கிளம்பிவிட்டாலோ, எல்லாவற்றுக்கும் 3 என்று சொல்லிவிடுவார்கள்.

அந்த ஒன்பதாவது கேள்விதான் எனக்குப் பெரிய கவலை. அதில் 1 விழுந்தாலே தாளை மடித்துக்கொண்டு கிளம்ப முடியாது. அங்கேயே, தனியாக, எப்படிச் செய்துகொள்ள நினைத்தார், அதற்கான பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, எப்போது என்று கேட்க வேண்டும். ஆபத்து என்று தெரிந்தால் தனியே விடாமல், வீட்டில் அவர் நம்புகிற ஒருவரை அழைத்து, அன்றே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இந்த ஏற்பாட்டை எழுதிக் காட்டாமல், ஆய்வுக்கு அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டி (நெறிமுறைக் குழு) ஒப்புதலே தரக் கூடாது. பெரும்பாலோருக்கு நோய் என்று எழுதியவர், அவர்களில் ஒருவராவது மருத்துவரிடம் போனாரா என்று ஒரு வரி எழுதவில்லை.

ஒரு மீனவரைப் பற்றி எழுதியதெல்லாம் ஊர்ப்பெயர், வயது, 'சென்ற ஆண்டு இலங்கைச் சிறையிலிருந்து திரும்பியவர்'. பெயரை மாற்றிவிட்டோம் என்று அடியில் குறிப்பு வேறு. முந்நூறு வீடு உள்ள ஊரில் இவ்வளவு போதாதா, ஐயா, ஆளை அடையாளம் காட்ட? அவரை நாளைக்குப் படகில் ஏற்ற யோசிப்பார்கள். அவர் வீட்டுப் பெண்ணுக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் இதை எடுத்துக் காட்டுவார்கள். அடுத்து எந்த ஆய்வாளர் போனாலும் அந்த ஊரில் கதவு திறக்காது.

இது புதிதல்ல என்பதால்தான் கோபம் அடங்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6-ல் இதே மாவட்டத்து ஏர்வாடியில், மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். அந்த நாள் வரும்போதெல்லாம் சங்கிலிக் காலின் படம் பத்திரிகைகளில் வருகிறது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 95-வது பிரிவில் சங்கிலியைத் தடை செய்தது. சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் ஒப்புதல் இல்லாமல் ஊடகத்துக்குத் தரக் கூடாது என்று 24-வது பிரிவில் சொன்னது. ஏர்வாடி தர்காவில் பிரார்த்தனையோடு மருந்தும் தரும் 'தவா-துவா' திட்டம் நடப்பதற்குக் கால் பக்கம்கூடக் கிடைப்பதில்லை. தற்கொலைச் செய்தியில் முறையை விவரிக்க வேண்டாம் என்று பிரஸ் கவுன்சில் 2019-லேயே சொல்லிவிட்டது. அதையும் யாரும் கேட்பதாக இல்லை.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்கவில்லை. பி.எச்டி. ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-ல் நீக்கிய பிறகும் பல இடங்களில் அந்த நெருக்கடி ஓயவில்லை. படிவத்தை அள்ளிக்கொண்டு போய், காசு வாங்கிப் போடும் இதழில் போட்டுவிட்டு, அந்த ஊரை மறந்துவிடுகிறார்கள். முடிவை ஊர்க்கூட்டத்திலோ, பங்குக் கோயிலிலோ, ஜமாத்திலோ தமிழில் வாசித்துக் காட்டுகிறவர்கள் மிகக் குறைவு.

நான் கேட்பது இவ்வளவுதான். 'உறுதியானது' என்பதற்கு வருந்தி, இது முதற்கட்டச் சோதனை மட்டுமே என்று அதே பக்கத்தில் நான்கு வரி போடுங்கள். இனி இப்படிச் செய்தி வரும்போது எந்தப் படிவம், எத்தனை பேர், எந்த மாதம், ஆட்களைத் தேர்ந்தெடுத்தது எப்படி, மருத்துவர் பார்த்தாரா என்ற ஐந்தையும் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். அடியில் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐச் சேருங்கள். இணையப் பதிப்பில் அந்த ஊர்ப்பெயரையும் சிறைக் குறிப்பையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மற்றதற்கு அடுத்த இதழ்வரை பொறுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உளவியல் ஆய்வாளர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.