காம்போவும் பாஸ்டன் சதுக்கமும்

பாளையங்கோட்டை

அன்புள்ள காந்திமதிக்கு,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பாஸ்டன் நகரமன்றச் சதுக்கத்தைக் கடந்து செல்வதாகவும், புதுப்பித்த பிறகு அவ்விடம் பரவாயில்லை என்று மகள் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். இங்கே அனைவரும் நலம். தம்பி மகளுக்கு ஆவணியில் திருமணம் உறுதியாகியிருக்கிறது. பத்திரிகை தனியே வரும்.

மகன் இத்தாலியில் இருந்தபோது சியெனா நகரின் பழைய சதுக்கமான பியாட்சா டெல் காம்போவில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தவள் நான் என்பதால், உன் படங்களைப் பார்த்ததும் இரண்டையும் ஒப்பிடத் தொடங்கிவிட்டேன். பாஸ்டன் சதுக்கத்துக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுவதே காம்போதான். இரண்டிலும் தரை செங்கல். ஆனால் செங்கல்லை எடுத்துக்கொண்டவர்கள் அதைச் சூழ்ந்து நின்ற வீடுகளை விட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

காம்போ மூன்று குன்றுகள் சந்திக்கும் பள்ளத்தில் அமைந்தது. அச்சரிவை நிரவிவிடாமல், மழைநீர் முழுவதும் நகர அரண்மனையின் முன்னுள்ள வடிகாலுக்கு ஓடிவரும்படி சிப்பி வடிவில் தரையை அமைத்து, அப்போது ஆட்சியிலிருந்த ஒன்பதின்மர் அவையைக் குறிக்க வெள்ளைக் கல் கோடுகளால் அதை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, 1349-இல் செங்கல் பாவி முடித்தார்கள். நீர் வடிவதற்கான அந்தச் சரிவில்தான் மக்கள் அரண்மனையைப் பார்த்தபடி வெறுந்தரையில் சாய்ந்திருக்கிறார்கள், பெஞ்சு தேவைப்படவில்லை. சுற்றிலும் வீடுகள் ஒட்டி நிற்கின்றன, கீழ்த்தளங்களில் உணவுக்கடைகள், இடையே குறுகிய சந்துகள். சதுக்கத்தை நோக்கிய வீடுகளின் சன்னல்கள் அரண்மனைச் சன்னல்களைப் போல் இருக்க வேண்டும் என்று 1297-லேயே நகர அவை விதித்திருந்தது. ஒருவருடைய வீட்டு முகப்பிலும் ஊருக்குப் பங்கு உண்டு என்று அவ்வளவு முன்பே சட்டம் செய்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

பாஸ்டனில் ஸ்காலே சதுக்கம் என்ற நெருக்கமான பழைய வட்டாரத்தை 1960-களின் தொடக்கத்தில் இடித்துவிட்டு, கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் வகுத்த திட்டப்படி அரசு அலுவலகங்களை எழுப்பினார்கள். நகரமன்றக் கட்டடம் 1968-இல் முடிந்தது. கட்டடங்கள் பெரியவை; ஆனால் ஒருவர் நின்று பேசவும் ஏதேனும் வாங்கவும் ஏற்ற வாசல்கள் விளிம்பில் மிகக் குறைவு. அலுவலக நேரம் முடிந்தால் ஆளோட்டமும் முடிந்துவிடுகிறது. அந்நிலமும் சரிவானதே, அதைப் படிக்கட்டுகளாக வெட்டியதால் உன்னைப் போல வண்டி தள்ளி வருபவர்களுக்கு வழி இல்லாமற்போயிற்று. 2022-இல் திறந்த புதிய அமைப்பில் சாய்வுப் பாதையும் மரங்களும் இருக்கைகளும் வந்திருப்பது எனக்கு மெய்யான மகிழ்ச்சி. நீ வண்டியோடு நேரே நடந்துபோகிறாய் என்பதே போதுமான சான்று.

நீரிலும் இதே வேறுபாடுதான். சியெனாவில் மலைக்கு அடியில் குடைந்த நீர்வழிகள் 14-ஆம் நூற்றாண்டிலேயே காம்போவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தன. அங்கே எழுந்த ஃபோந்தே காயா ஊற்றில் இன்றும் நீர் விழுகிறது. பாஸ்டன் சதுக்கத்து ஊற்றோ, கசிவு காரணமாக 1977-இல் நிறுத்தப்பட்டு, பல ஆண்டுகள் வறண்டே கிடந்தது.

ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய நாள்களில் காம்போவின் விளிம்பில் மண் பரப்பிக் குதிரைப் பந்தயம் விடுகிறார்கள். மக்கள் நடுவில் நிற்க, குதிரைகள் சுற்றி ஓடுகின்றன. ஆனித் தேரோட்டத்தில் நம் டவுனில் நடுவே நெல்லையப்பர் கோயில், அதைச் சுற்றி ரத வீதி, வாசல்களிலும் மாடிகளிலும் மக்கள். தேர் வளைந்து திரும்பத் தேவையான அகலம்தான் மற்ற நாள்களில் கடைக்கும் நடைக்கும் பயன்படுகிறது. பாஸ்டனின் அகலத்துக்குப் பின்னால் அப்படி ஓர் ஊர்ப்பழக்கம் இல்லை. கட்டடத்தின் கம்பீரத்துக்காக விட்ட வெளி அது. அவ்வளவு வெளியில் காற்று தடையின்றி வீசுவதில் என்ன வியப்பு?

இனி நீ அங்கே போகும்போது, நட்ட மரங்களின் நிழல் மதியம் இருக்கைகள்மேல் விழுகிறதா, அலுவலகங்கள் மூடிய பிறகும் யாரேனும் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்து எழுது. மார்கழிக் குளிரில் எடுத்த படம் ஒன்றும் வேண்டும். மகளையும் மருமகனையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கோமதி