உன் கட்டுரையின் பதினேழாம் பக்கம்

பாளையங்கோட்டை

அன்புள்ள குமரனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலமும் வள்ளி, நிலா நலமும் அறிய ஆவல். அப்பாவின் வலது கண்ணில் கட்டு அவிழ்த்தாயிற்று. செய்தித்தாளைத் தாமே படிக்கிறார். மற்றவற்றைச் சின்னவள் சொல்லியிருப்பாள் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய நாற்பது பக்கக் கட்டுரையைப் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து முழுவதும் படித்து முடித்தேன். தீபாவளிக்கு மறுநாள் தொலைபேசியில் அதைப் பற்றி உன்னிடம் ஒரு கேள்வி கேட்டேன். அதன் பிறகு நீ அழைக்கவில்லை. அலுவலக வேலை அதிகம் என்று வள்ளி சொல்கிறாள். பகல் பதினொரு மணிக்கு அவளை அழைத்தாலும் பின்னால் உன் குரல் கேட்கிறது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஏற்பாடு இப்போது பல நிறுவனங்களில் உண்டு என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. கட்டுரையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நீ சொல்வதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார். தொலைதூர விண்மீன் மண்டலங்களின் ஒளி சிவப்புப் பக்கம் பெயர்ந்து காணப்படுவதற்குப் பேரண்டம் விரிவது காரணமில்லை. வெற்றிடத்தின் வழியே கோடிக்கணக்கான ஆண்டுகள் வரும்போது ஒளி தன் ஆற்றலில் சிறிது சிறிதாக இழக்கிறது என்பது உன் அடிப்படை. அந்த இழப்பு தூரத்தோடு நேர்விகிதத்தில் கூடாமல் சற்று மெதுவாகக் கூடுவதாகக் கொண்டால், 1998இல் பெர்ல்மட்டர் குழுவும், ஷ்மிட், ரீஸ் ஆகியோரின் குழுவும் கண்ட, எதிர்பார்த்ததைவிட மங்கலான சூப்பர்நோவாக்களுக்கு, அதாவது விண்மீன் வெடிப்புகளுக்கு, விளக்கம் கிடைத்துவிடுகிறது. ஆகையால் விரிவும் வேண்டாம், விரிவை முடுக்கும் கரும் ஆற்றலும் வேண்டாம் என்கிறாய். ஒன்பதாம் பக்கத்தில் நீ தொகையீடு செய்திருக்கும் முறை சுத்தமாக இருக்கிறது. முப்பத்தோரு ஆண்டுகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்திய நான், எந்த இடத்திலும் சிவப்பு மை தொட வேண்டியிருக்கவில்லை. பொறியியல் படித்து, கணினி வேலைக்குப் போய், யாரும் சொல்லாமல் தானே பொதுச் சார்பியல் கற்றுக்கொண்ட பிள்ளை எத்தனை பேருக்கு வாய்க்கும்? இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன், உன்னிடம்தான் சொன்னதில்லை.

உன் மனக்குறையும் நியாயமானதே. இன்னதென்று எவருக்கும் தெரியாத ஒன்றுக்குப் பேரண்டத்தின் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 68 விழுக்காட்டை ஒதுக்கிவிட்டு, ஒளி விடாத கரும் பொருளுக்கு இன்னொரு 27 விழுக்காட்டைக் கொடுத்துவிட்டு, நாம் அறிந்த அணுக்களுக்கு மீதி ஐந்தை விட்டுவைக்கும் கணக்கு யாருக்கும் உறுத்தத்தான் செய்யும். வெற்றிடத்தின் ஆற்றலைக் குவாண்டம் கோட்பாட்டின்படி எளிய முறையில் மதிப்பிட்டால் வானில் காண்பதைவிட 10இன் 120ஆவது அடுக்கு மடங்கு கூடுதலாக வருகிறது என்பதையும் நீ எடுத்துக்காட்டியிருக்கிறாய். அதைப் படித்து நிம்மதியாகத் தூங்கும் இயற்பியலாளர் எவரும் இருக்க முடியாது.

ஆனால் நீ முன்னுரையில் இக்கருத்தை இதுவரை யாரும் நினைத்ததில்லை என்று எழுதியிருக்கிறாய். தொலைவு கூடக்கூட மண்டலங்களின் ஒளி அதிகம் சிவப்புப் பக்கம் பெயர்கிறது என்று ஹப்பிள் தம் கட்டுரையை வெளியிட்ட அதே 1929ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் இருந்த ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, வழியில் ஒளி ஆற்றலை இழப்பதால் அந்தப் பெயர்ச்சி, அதாவது செம்பெயர்ச்சி, உண்டாகலாம் என்று எழுதினார். களைத்த ஒளி என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ஸ்விக்கிக்குத் தோன்றியது உனக்கும் தானாகத் தோன்றியது என்பதில் தாய்க்குப் பெருமைதான். ஆனாலும் அவர் பெயர் நாற்பது பக்கத்தில் ஓரிடத்தில்கூட இல்லாதது எனக்கு வருத்தம். அந்தக் கருத்தை யாரும் ஏளனம் செய்து ஒதுக்கிவிடவில்லை. தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதற்குச் சோதனை வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். உன் கட்டுரை அந்தச் சோதனைகளில் ஒன்றைத் தொட்டுவிட்டு நழுவுகிறது. அது பதினேழாம் பக்கம். அன்று நான் கேட்ட கேள்வியும் அதுவே.

ஏறத்தாழ ஒரே போல ஒளிரும் ஒன்று-ஏ வகை சூப்பர்நோவா ஒன்று அருகில் வெடித்தால், ஏறத்தாழ இருபது நாளில் உச்ச ஒளிர்வை அடைந்து, பிறகு வாரக்கணக்கில் மங்குகிறது. பேரண்டம் விரிகிறது என்றால், ஒளியின் அலைநீளம் நீளும் அதே மடங்கில் நேரமும் நீளும். ஆகவே அலைநீளம் ஒன்றரை மடங்காகி வரும், செம்பெயர்ச்சி 0.5 உள்ள வெடிப்பு உச்சத்தை அடைய முப்பது நாளும், இரு மடங்காகி வரும், செம்பெயர்ச்சி 1 உள்ளது நாற்பது நாளும் எடுப்பதாக நமக்குத் தெரிய வேண்டும். உன் கோட்பாட்டில் ஒவ்வோர் ஒளித்துகளும் ஆற்றலை இழக்கிறது, ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி மாறுவதில்லை. நான் உனக்கு நாள்தோறும் ஒரு கடிதம் போட்டால், வழியில் உறை எவ்வளவு கசங்கினாலும் உன் கைக்கு நாளுக்கொன்றாகத்தான் வந்து சேரும். நீ ஒவ்வொரு நாளும் இன்னும் தொலைவுக்குப் போய்க்கொண்டே இருந்தால் மட்டுமே கடிதத்துக்கும் கடிதத்துக்கும் இடைவெளி கூடும். ஆகவே உன் கணக்குப்படி எல்லாத் தூரத்திலும் இருபது நாள்தான் வர வேண்டும்.

வானத்தில் வந்திருப்பது இருபது இல்லை, குமரா. கோல்ட்ஹேபர், லைபுண்ட்குட் போன்றோர் 1996 வாக்கிலேயே இந்த நீட்சியைக் காட்டினார்கள். சிலியில் உள்ள செர்ரோ தொலோலோ தொலைநோக்கியைக் கொண்டு நடந்த கரும் ஆற்றல் கணக்கெடுப்பில் 1,504 சூப்பர்நோவாக்களை எடுத்துக்கொண்டு, நீட்சி, ஒன்றோடு செம்பெயர்ச்சியைக் கூட்டியதன் எத்தனையாவது அடுக்காக இருக்கிறது என்று 2024இல் கணக்கிட்டார்கள். விரிவு உண்மையானால் விடை 1. களைத்த ஒளி உண்மையானால் 0. கிடைத்த விடை 1.003. அதில் உள்ள பிழை நூற்றில் ஒரு பங்கை ஒட்டியது. விரிவை முன்னதாகவே தரவுக்குள் நுழைத்துவிட்டு அதையே விடையாக எடுக்கிறார்கள் என்று அன்று தொலைபேசியில் சொன்னாய். அதற்காகவே அந்த ஆய்வின் முறையைத் தேடிப் படித்தேன். கோட்பாட்டிலிருந்து எந்த மாதிரி வளைகோட்டையும் எடுக்காமல், கணக்கெடுப்பில் உள்ள சூப்பர்நோவாக்களையே ஒன்றுக்கொன்று உரைகல்லாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். உன் ஆட்சேபத்தை அவர்களே முன்கூட்டி எண்ணியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீ பதினேழாம் பக்கத்தில் இதைப் பற்றி இரண்டே வரி எழுதி, "இது பின்னர் விளக்கப்படும்" என்று முடித்திருக்கிறாய். பின்னர் எங்கும் விளக்கவில்லை. கடினமான கணக்கைத் தாண்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறவன் நீ இல்லை. விடை வராமல் சாப்பிடக்கூட எழுந்திருக்காத பிள்ளையை நான் அறிவேன்.

மற்ற இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1930இல் டோல்மன் வகுத்த பரப்பு ஒளிர்வுச் சோதனையின்படி, செம்பெயர்ச்சி 1இல் உள்ள மண்டலத்தின் பரப்பு ஒளிர்வு, அதாவது வானில் அதன் ஒரே அளவு பரப்பிலிருந்து வரும் வெளிச்சம், விரியும் பேரண்டத்தில் பதினாறில் ஒரு பங்காகக் குறையும், உன்னுடையதில் பாதியாகத்தான் குறையும். மண்டலங்களின் வயதையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருப்பதால் இதில் வாதத்துக்கு இடமுண்டு. ஆகவே இதை வற்புறுத்தவில்லை. அடுத்ததில் வாதத்துக்கு அவ்வளவு இடமில்லை. வானம் முழுவதும் நிரம்பியிருக்கும் பின்னணி நுண்ணலைக் கதிர்வீச்சின் வெப்பநிலை இன்று 2.725 கெல்வின். விரியும் பேரண்டத்தில் பழங்காலத்துக்குப் போகப்போக அது சூடாக இருந்திருக்க வேண்டும், செம்பெயர்ச்சி 2.34இல் 9.1 கெல்வின் என்று கணக்கு வருகிறது. 2000ஆம் ஆண்டில் ஸ்ரீஆனந்த், பெட்டிஜான், லெடு ஆகியோர், மிகத் தொலைவில் பேரொளியோடு தெரியும் குவாசார் ஒன்றின் ஒளி வழியில் கடந்துவந்த வாயு மேகத்தில் கார்பன் அணுக்கள் எந்த நிலையில் இருந்தன என்பதைக் கொண்டு அந்தப் பழைய வெப்பநிலையை அளந்தார்கள். 6க்கும் 14க்கும் இடையில் என்று விடை வந்தது. எதுவும் விரியாத உன் பேரண்டத்தில் அங்கும் 2.7தான் இருந்திருக்க வேண்டும். இந்த ஸ்ரீஆனந்த் எங்கே இருந்து இதைச் செய்தார் என்று பார்த்தாயா? புனேயில் உள்ள ஐயுகா என்னும் வானியல் ஆய்வு மையத்தில். நீ குடியிருக்கும் அவுந்திலிருந்து பல்கலைக்கழக வளாகம் எவ்வளவு தூரம்?

முப்பத்தோராம் பக்கத்தில், அரிசோனாவின் கிட் பீக் தொலைநோக்கியில் மண்டலங்களை அளக்கும் டெசி குழு 2025 மார்ச்சில் வெளியிட்ட முடிவால் பழைய கோட்பாடு விழுந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். ஏறத்தாழ 1.5 கோடி மண்டலங்களையும் குவாசார்களையும் அளந்து, கரும் ஆற்றல் காலப்போக்கில் வலுவிழந்து வரக்கூடும் என்பதற்கான அறிகுறியைக் கண்டிருக்கிறார்கள். கண்டுபிடிப்பு என்று அறிவிக்கும் அளவுக்கு உறுதி இன்னும் வரவில்லை என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கும் உடல் சிலிர்த்தது. ஆனால் அவர்கள் ஐயப்படுவது விரிவு எந்த வேகத்தில் முடுகுகிறது என்பதில்தான். அந்தத் தரவு முழுவதும் விரிவையே அளவுகோலாகக் கொண்டு நிற்கிறது. அதில் ஒரு பாதியை எடுத்துக்கொண்டு மற்றப் பாதியை விடுவது முறையாகாது.

இனி எனக்கு உண்மையில் வருத்தம் தந்த பக்கத்துக்கு வருகிறேன். நாற்பதாம் பக்கத்தில், பேராசிரியர்கள் உன் மடல்களுக்குப் பதில் எழுதாததற்குக் காரணம் அச்சம் என்றும், உண்மையை மறைப்பதால் அவர்களுக்கு ஆதாயம் உண்டு என்றும் எழுதியிருக்கிறாய். ஒன்பதாம் பக்கத்தை எழுதிய கைதான் இதையும் எழுதியது என்று என்னால் நம்ப முடியவில்லை. வானியலாளர் ஜெயந்த் நார்லிகரைப் பற்றி உனக்குத் தெரியாததில்லை. கேம்பிரிட்ஜில் ஹாய்லிடம் படித்த காலத்திலிருந்து பெருவெடிப்புக் கோட்பாட்டை ஏற்காதவர். 1965இல் பின்னணிக் கதிர்வீச்சு கண்டுபிடிக்கப்பட்டதும் பெரும்பாலோர் மறுபக்கம் போன பின்னும் போகாதவர். 1993இல் ஹாய்ல், பர்பிட்ஜ் இருவரோடும் சேர்ந்து மாற்றுக் கோட்பாடு தந்தவர். விண்வெளியில் மிதக்கும் ஊசி போன்ற இரும்புத் துகள்கள் வெளிச்சத்தை மறைப்பதால்தான் சூப்பர்நோவாக்கள் மங்கலாகத் தெரிகின்றன என்று கரும் ஆற்றலுக்கும் மாற்று விளக்கம் சொன்னவர். அந்தக் கருத்துகளைப் பெரும்பான்மையோர் ஏற்கவில்லை. அவர் 1988இல் ஐயுகாவை நிறுவி, 2003 வரை நடத்தியபோது, அதே கட்டடத்தில் வருண் சாஹ்னியும் தாணு பத்மநாபனும் கரும் ஆற்றலைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தாம் ஏற்காத பெருவெடிப்புக் கோட்பாட்டையும் தம் பாடநூலில் முறையாகக் கற்பித்தார். 2025 மே மாதம் அவர் மறைந்தபோது அவர் கருத்தை ஏற்காதவர்களும் அவரைப் போற்றினார்கள். எதிர்க் கருத்து சொல்கிறவனுக்குத்தான் மறுப்பவர்களின் துணை மற்றவர்களைவிட அதிகம் தேவைப்படுகிறது என்பது என் எண்ணம். உனக்கு இப்போது அந்தத் துணை யார்? வள்ளி கேட்டுக்கொள்வாள், மறுக்கமாட்டாள். நான் கேள்வி கேட்டேன், நீ பேச்சை நிறுத்திவிட்டாய்.

ஆகவே சொல்கிறேன்: ஐயுகாவுக்குப் போ. பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளன்று பொதுமக்களுக்காக அங்கே கதவைத் திறந்து வைக்கிறார்கள். நிலாவையும் அழைத்துக்கொண்டு போ. நாற்பது பக்கத்தைக் கையில் கொடுக்காதே, யாருக்கும் நேரம் இருக்காது. பதினேழாம் பக்கத்தை மட்டும் கொண்டுபோய், இந்த நீட்சியை என் சமன்பாடு எப்படித் தரும் என்று கேள். ஒரு கேள்வியாகக் கேட்டால் யாராவது ஒருவர் நின்று பதில் சொல்வார். போய்க் கேள் என்று மறுபடியும் சொல்கிறேன்.

கட்டுரையை வெளியிட ஒரு பத்திரிகை உன்னிடம் பணம் கேட்டிருப்பதாக வள்ளி வாய்தவறிச் சொன்னாள், அவளைக் கடிந்துகொள்ளாதே. தொகையை அவள் சொல்லவில்லை, இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பதை மட்டும் சொன்னாள். பணம் வாங்கும் நல்ல பத்திரிகைகளும் உண்டு என்பது எனக்குத் தெரியும். உன்னிடம் பணம் கேட்ட பத்திரிகையின் நடுவர்கள் எவராவது உன்னிடம் ஒரு கேள்வியாவது கேட்டார்களா? பதினேழாம் பக்கத்தில் விளக்கம் எங்கே என்று கேட்டார்களா? ஒரு திருத்தமும் கேட்காமல் ஒப்புக்கொண்ட இடத்தில் உன் ஒன்பதாம் பக்கத்தை அச்சேற்ற எனக்கு மனம் வரவில்லை. நிலாவின் பள்ளிக் கட்டணமும் அதே மாதத்தில்தான் வருகிறது. சம்பளம் வழக்கம்போல வந்துகொண்டிருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். வந்துகொண்டிருக்கிறதா என்று நான் கேட்கவும் இல்லை.

செம்பெயர்ச்சி 0.5இல் உள்ள வெடிப்பு உச்சத்தை அடைய எத்தனை நாள் என்று உன் சமன்பாடு சொல்வதைப் போட்டு, அந்த ஒரு பக்கத்தை முப்பதாம் தேதிக்கு முன் எனக்கு அனுப்பு. எழுத மனமில்லை என்றால் அழைத்து எண்ணை மட்டும் சொல். இருபது என்றாலும் முப்பது என்றாலும் சொல். வேறு எதையும் அன்று நான் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
அம்மா