ராட்சசனுக்குப் புலித்தலை வைத்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகள் செல்போனைக் கீழே வைத்துவிட்டு ஆடக்கூடிய விளையாட்டுகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் கதை சொல்லி ஆடும் விளையாட்டுகளுக்கு இரண்டே வரிதான் கொடுத்திருந்தீர்கள். அவற்றில் வரும் படங்களைப் பற்றி ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் என்ற முறையில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

என் தங்கை மகள் எட்டாவது படிக்கிறாள். அவளும் தெருப் பிள்ளைகள் நாலு பேரும் ஞாயிறு சாயங்காலம் எங்கள் மொட்டைமாடியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறார்கள். ஒருவன் கதையை நடத்துவான், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, இருபது பக்கப் பகடையை உருட்டி, வெட்டு விழுந்ததா தப்பித்தோமா என்று பார்ப்பார்கள். ஒருநாள் நான் கோரைப்பல்லும் உருட்டு விழியுமாக ஒரு ராட்சசனை வரைந்து கொடுத்தேன். கதை நடத்தும் பையன் பார்த்துவிட்டு, "ராட்சசன்னா புலித்தலை இருக்கும் மாமா, தெரியாதா?" என்றான்.

அவன் மேல் தப்பில்லை. இந்த விளையாட்டில் வரும் விசித்திரப் பிறவிகளைப் பட்டியலிட்டு 1977-ல் வந்த மான்ஸ்டர் மேனுவல் புத்தகத்திலேயே ராட்சசனுக்குப் புலித்தலை வைத்து, மேலங்கி மாட்டி, சுங்கான் பிடிக்க வைத்துவிட்டார்கள். பின்னால் வந்த பதிப்புகளில் உள்ளங்கையையும் பின்பக்கமாகத் திருப்பிவிட்டார்கள். விதிகளை எவ்வளவு எழுதினாலும் பிள்ளை மனதில் பதிவது பக்கத்தில் இருக்கும் ஓவியம்தான், மதுரையில் பிறந்த பையனுக்கே ராட்சசன் என்றால் அந்தப் புலி முகம்தான் வருகிறது. வரைந்தவர்களை நான் குறை சொல்லவில்லை, 1974-ல் இந்த விளையாட்டு தொடங்கியபோது படங்களைப் போட்டவர்களில் பலர் அப்போதுதான் வரையப் பழகிக்கொண்டிருந்தவர்கள், தங்களுக்குத் தெரிந்ததை வரைந்தார்கள். 2014 பதிப்பில் மனிதர் என்ற பகுதிக்கே கருத்த தோல் கொண்ட ஒரு பெண்ணை வரைந்திருந்தார்கள், என் மருமகள் அந்தப் பக்கத்தில்தான் ரொம்ப நேரம் நின்றாள்.

அவளுடைய பாத்திரம் வாள் பிடிக்கும் ஒரு இளவரசி. பாத்திரத் தாளில் படம் போட ஒரு கட்டம் உண்டு, அதற்குச் செல்போனில் ஏஐ செயலியிடம் கேட்டாள். வெள்ளை முகம், விரித்த கூந்தல், வயிறு தெரியும் இரும்புக் கவசத்தோடு ஒருத்தி வந்தாள். "இதைப் போட்டுக்கிட்டு சண்டைக்குப் போனா முதல் குத்துலயே செத்துருவா மாமா" என்றாள் பிள்ளை.

சரி வா என்று மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். செல்போன் உள்ளே கொண்டுபோக முடியாது, அது எங்களுக்கு நல்லதாகப் போயிற்று, நோட்டும் பென்சிலும்தான். கிளிக்கூட்டு மண்டபத்தில் யாளியின் பிதுங்கிய கண்ணை மட்டும் ஏழெட்டுத் தடவை வரைந்தாள். மனிதத் தலையும் மிருக உடலுமாக நிற்கும் புருஷாமிருகத்தைப் பார்த்ததும் விடவே இல்லை. படத்தைக் கதை நடத்தும் பையனிடம் காட்டினாள், அடுத்த ஞாயிறே அவன் அதைக் குகை வாசலில் காவலுக்கு நிறுத்திவிட்டான். இளவரசிக்கும் வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி எட்டுத் திக்கும் போருக்குப் போகும் திக்கு விஜயம் பார்த்து வளர்ந்தவள்தானே, இளவரசியாக இருந்த மீனாட்சியான தடாதகையைத்தான் எடுத்துக்கொண்டாள். இறுகக் கட்டிய கொண்டை, தோள்வளை, உடம்பு முழுக்க மூடிய கவசம், எல்லாம் அவளே யோசித்து வரைந்தது.

எனக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் மதுரையில் சினிமா பேனர் வரைந்தவர். முகத்தில் பச்சையும் ஊதாவும் போடப் பயப்படாதே என்பார். ஃபிளெக்ஸ் வந்த பிறகு அவர் கை சும்மா இருந்ததைப் பார்த்தவன் நான், அதனால் ஏஐ படம் என்றால் எனக்கு ஆறவே ஆறாது. 2023-ல் இந்த விளையாட்டின் ஜயன்ட்ஸ் என்ற பிரம்மாண்ட மனிதர்கள் பற்றிய புத்தகத்தில் சில படங்களுக்கு ஏஐ பயன்பட்டது வெளியே வந்து வாசகர்கள் சண்டை போட்டார்கள், ஓவியர்கள் இனி அதைப் பயன்படுத்தக் கூடாது என்று நிறுவனமே அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆடுகிறவர்கள் கேட்டதால்தான் அது நடந்தது.

அப்புறம் பொம்மைகள். ஒரு அங்குலக் கட்டத்தை ஐந்து அடியாகக் கணக்கு வைத்து, அதன்மேல் சின்னச் சின்ன உருவங்களை நிறுத்தி ஆடுவார்கள். கடையில் கிடைப்பது பிளாஸ்டிக். விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவர்கள் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு யாளி, ஒரு பூதம், அருவாளோடு ஒரு கருப்பசாமி செய்து கொடுத்தால் எங்கள் மாடியிலேயே வாங்க ஐந்து பேர் இருக்கிறார்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். பிள்ளைகள் ஊர்க் கோயில் தூணையோ அய்யனார் குதிரையையோ பார்த்துக் கையால் வரைந்த ஒரு பாத்திரப் படமும், அது யார், என்ன செய்யும் என்று நாலு வரியும் போதும். முதல் வாரத்துக்கு என் மருமகளின் புருஷாமிருகத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வால் கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, அதை நான் திருத்தவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
திருப்பரங்குன்றம், மதுரை.